பைனரியை ஸ்ட்ரிப் செய்வது யார் வேலை?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். பெல்லந்தூரில் வேலை பார்த்துக்கொண்டே, சனி ஞாயிறுகளில் ஒரு திறமூல சி++ நிரலை டெபியன் என்ற லினக்ஸ் வகைக்காகப் பேக்கேஜ் செய்கிறீர்கள், அதாவது நிறுவத்தக்க டெப் கோப்பாக்குகிறீர்கள். அதைப் பயன்படுத்தும் ஒருவர் நிரல் கிராஷ் ஆகிறது என்று சொல்லி பேக்டிரேஸ் (கிராஷ் ஆன நேரத்து ஃபங்ஷன் அழைப்புகளின் பட்டியல்) அனுப்பியிருக்கிறார். அதில் வரிக்கு வரி இரண்டு கேள்விக்குறிகள்தான். டீபக் தகவல் (ஃபங்ஷன் பெயர்கள், வரி எண்கள்) வைத்திருக்க வேண்டிய டிபிஜிசிம் பேக்கேஜும் உருவாகவில்லை. பைனரியிலிருந்து, அதாவது கம்பைல் ஆன நிரல் கோப்பிலிருந்து, அந்தத் தகவலை நீக்குவதுதான் ஸ்ட்ரிப். யாரோ சொன்னதைக் கேட்டு, அது வேண்டாம் என்னும் ‘நோஸ்ட்ரிப்’ விருப்பத்தைக் கொடுத்து மறுபடி பில்ட் செய்தீர்கள். அப்போதும் ‘ஃபைல்’ கட்டளை ‘ஸ்ட்ரிப்டு’ என்றே காட்டுகிறது. “ஸ்ட்ரிப் ஆவதை எப்படி நிறுத்துவது?” என்பது நீங்கள் கேட்டது. அதற்கு அடியில் வேறு ஒரு கேள்வி இருக்கிறது: பேக்கேஜ் கருவி கை வைப்பதற்கு முன்னாலேயே அந்த பைனரியை யாரோ ஸ்ட்ரிப் செய்துவிட்டார்கள், அது யார்? நோஸ்ட்ரிப் என்பது டெபியன் கருவிக்கு மட்டுமே சொல்லும் சொல். அதைச் சொல்லியும் பைனரி ஸ்ட்ரிப் ஆகி வருகிறதென்றால் டெபியன் கருவி செய்யவில்லை. நிரலின் சொந்த பில்ட் அமைப்பே செய்கிறது. இது வரைக்கும் நிச்சயமாகச் சொல்லலாம்.

ஸ்ட்ரிப் எதை எடுக்கிறது, எதை விடுகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரியாமல் தேட ஆரம்பித்தால் தப்பான இடத்தில் நிறைய நேரம் போகும். லினக்ஸ் பைனரிகளின் வடிவம் எல்ஃப். அதற்குள் இரண்டு சிம்பல் (பெயர்) பட்டியல்கள் இருக்கும். ‘சிம்டேப்’ முழுப் பட்டியல். வெளியே தெரியாத உள் ஃபங்ஷன்களின் பெயர்கூட அதில் உண்டு. ‘டைன்சிம்’ சிறியது, நிரல் ஓடும்போது லைப்ரரிகளோடு இணைவதற்குத் தேவையான பெயர்கள் மட்டும் அதில் இருக்கும். ஸ்ட்ரிப் முதல் பட்டியலையும், மைனஸ் ஜி கொடுத்து கம்பைல் செய்திருந்தால் சேரும் டீபக் பகுதிகளையும் எடுத்துவிடும். டைன்சிம்மைத் தொடாது, தொட்டால் நிரல் ஓடவே ஓடாது. இயந்திரக் குறியீடு இருக்கும் ‘டெக்ஸ்ட்’ பகுதியையும் தொடாது. சி++ எக்ஸெப்ஷன்களுக்குத் தேவையான ‘இஎச்_ஃப்ரேம்’ பகுதியும் அப்படியே இருக்கும். ஸ்ட்ரிப் செய்தால் எக்ஸெப்ஷன் வேலை செய்யாது என்று சிலர் சொல்வது சரியல்ல. ஸ்ட்ரிப் செய்தால் நிரல் வேகமாகும், நினைவகம் மிச்சமாகும் என்பதும் அப்படித்தான். டீபக் பகுதிகள் ஓடும்போது நினைவகத்தில் ஏற்றப்படுவதே இல்லை. மிச்சமாவது வட்டில் இடமும் பதிவிறக்கும் நேரமும்தான். சி++ நிரல்களில் டீபக் தகவல் பைனரியைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும் என்பதால் அந்த மிச்சமும் சின்ன விஷயமில்லை. அதனால்தான் பேக்கேஜில் போகும் பைனரி ஸ்ட்ரிப் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று டெபியன் கொள்கையே சொல்கிறது.

இப்போது உங்கள் பேக்டிரேஸில் அந்தக் கேள்விக்குறிகள் ஏன் வந்தன என்பது விளங்கும். இஎச்_ஃப்ரேம் இருப்பதால் எந்த அழைப்பிலிருந்து எந்த அழைப்பு வந்தது என்பதை ஜிடிபி என்ற டீபக் கருவியால் பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிக்க முடிகிறது. முகவரி தெரிகிறது, பெயர் தெரியவில்லை. இதில் ஒரு எச்சரிக்கை. சில வரிகளில் மட்டும் பெயர் வந்திருந்தால் அதை உடனே நம்பாதீர்கள். டைன்சிம்மில் எஞ்சியிருக்கும் பெயர்களில், அந்த முகவரிக்கு முன்னால் அருகில் இருப்பதை ஜிடிபி எடுத்துக் காட்டக்கூடும். கிராஷ் ஆன ஃபங்ஷன் ஒன்று, திரையில் தெரியும் பெயர் இன்னொன்று என்று ஆகிவிடும். பெயருக்குப் பக்கத்தில் கூட்டல் குறியோடு பெரிய எண் இருந்தால், ஆயிரக்கணக்கில் தள்ளி இருந்தால், அது அந்த ஃபங்ஷன் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, யார் செய்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பைனரி மூன்று இடங்களைக் கடந்து வருகிறது: கம்பைல் ஆகி லிங்க் ஆன இடம், ‘மேக் இன்ஸ்டால்’ கொண்டுபோய் வைக்கும் தற்காலிக அடைவு, கடைசியாக டெப் கோப்பு. மூன்று இடத்திலும் ஃபைல் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். எந்தப் படியில் ‘நாட் ஸ்ட்ரிப்டு’ என்பது ‘ஸ்ட்ரிப்டு’ என்று மாறுகிறதோ அங்கேதான் காரணம் இருக்கிறது. லிங்க் ஆன இடத்திலேயே ஸ்ட்ரிப் ஆகியிருந்தால், மேக்ஃபைலில் (பில்ட் கட்டளைகள் இருக்கும் கோப்பு) லிங்கருக்கான எல்டிஃப்ளாக்ஸ் வரியில், ஸ்ட்ரிப் செய்யச் சொல்லும் மைனஸ் எஸ் கொடி இருக்கும். சிமேக் என்ற பில்ட் கருவி என்றால் லிங்கருக்குக் கொடுக்கும் கொடிகளில் இருக்கும். இன்ஸ்டால் படியில் மாறினால், ‘இன்ஸ்டால்’ கட்டளைக்கு மைனஸ் எஸ் கொடுத்திருப்பார்கள், அல்லது மேக்ஃபைலில் நேராக ஸ்ட்ரிப் என்றே ஒரு வரி எழுதியிருப்பார்கள், அல்லது ‘இன்ஸ்டால்-ஸ்ட்ரிப்’ இலக்கை அழைத்திருப்பார்கள். மெசான் என்ற பில்ட் கருவியில் இன்ஸ்டாலுக்கு ஸ்ட்ரிப் விருப்பம் தனியாக உண்டு. கையால் எழுதிய மேக்ஃபைல் உள்ள பழைய நிரல்களில் நான் அதிகம் பார்ப்பது இரண்டுதான்: எல்டிஃப்ளாக்ஸில் மைனஸ் எஸ், இன்ஸ்டாலில் மைனஸ் எஸ்.

இந்த இன்ஸ்டால் விஷயத்தில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. டெபியனின் பேக்கேஜ் கருவியான டெப்ஹெல்பர், மேக்கை அழைக்கும்போதே இன்ஸ்டால் என்ற மாறிக்கு ‘ஸ்ட்ரிப் செய்யும் நிரல் ட்ரூ’ என்று சேர்த்துக் கொடுக்கிறது. ட்ரூ எதையும் செய்யாத நிரல், ஆகவே மைனஸ் எஸ் இருந்தாலும் பைனரி தப்பித்துவிடும். பில்ட் பதிவில் அந்த வரியைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் மேக்ஃபைல் எழுதியவர் அந்த மாறியைப் பயன்படுத்தாமல் வெறுமனே ‘இன்ஸ்டால்’ என்று சின்ன எழுத்தில் கட்டளையை எழுதியிருந்தால் இந்தப் பாதுகாப்பு சேராது. உங்கள் விஷயத்தில் மேக்ஃபைலை நான் பார்க்கவில்லை. இருந்தாலும் பந்தயம் கட்டச் சொன்னால் இதன் மேல்தான் கட்டுவேன்.

மூன்று இடத்திலும் ‘நாட் ஸ்ட்ரிப்டு’ என்று வந்து, ஆனால் ‘வித் டீபக் இன்ஃபோ’ என்ற சொற்கள் இல்லாமல் போகலாம். அது வேறு நோய். யாரும் ஸ்ட்ரிப் செய்யவில்லை, டீபக் தகவல் உருவாகவே இல்லை. டெபியன் மைனஸ் ஜி உள்ள கம்பைலர் கொடிகளைச் சூழல் மாறி வழியாகக் கொடுக்கிறது. மேக்ஃபைலுக்குள் சமக்குறி போட்டு ‘சிஎக்ஸ்எக்ஸ்ஃப்ளாக்ஸ் இது’ என்று எழுதியிருந்தால், மேக் சூழல் மாறியை விட்டுவிட்டு மேக்ஃபைலில் இருப்பதைத்தான் எடுக்கும். அந்த வரியைக் கூட்டல் சமக்குறியாக மாற்றினால், வெளியிலிருந்து வருவதோடு சேர்ந்துகொள்ளும். இதைச் சரிசெய்யாமல் விட்டால் டிபிஜிசிம் பேக்கேஜ் வந்தாலும் உள்ளே வரி எண்கள் இருக்காது. கூடவே பாதுகாப்புக்காக டெபியன் கொடுக்கும் கொடிகளும் கைவிட்டுப் போகும், அதனால் இதை அவசியம் பாருங்கள்.

இதில் நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் பெங்களூரில் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், தொலைதூர இடங்களில் பொருத்தும் ஒரு கருவிக்கான மென்பொருளை அனுப்பிக்கொண்டிருந்தோம். இடத்தை மிச்சம் பிடிக்க லிங்கருக்கே மைனஸ் எஸ் கொடுத்திருந்தோம். டீபக் பாதியைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. ஐந்து மாதம் கழித்து ஒரு தளத்திலிருந்து கோர் டம்ப் (கிராஷ் ஆன நேரத்து நினைவகப் பிரதி) வந்தது. திறந்தால் எல்லாமே கேள்விக்குறி. அதே சோர்ஸை மறுபடி கம்பைல் செய்தோம். அதற்குள் பில்ட் சர்வரில் கம்பைலர் புதுப்பிக்கப்பட்டிருந்தது, முகவரிகள் ஒன்றும் பொருந்தவில்லை. பழைய கம்பைலரைத் தேடிப் பிடித்து, பழைய லைப்ரரிகளைச் சேர்த்து, பொருந்துகிற ஒரு பைனரியை உருவாக்க இரண்டு வாரம் ஆனது. பிழையைக் கண்டுபிடித்தது ஒரே மதியத்தில். அன்றிலிருந்து டீபக் பாதியை எடுத்து வைக்காமல் எந்தப் பைனரியையும் நான் வெளியே விட்டதில்லை.

உங்கள் கையில் இப்போது ஒரு கோர் டம்ப் இருந்தால் அதே வழியில் அதைக் காப்பாற்றிப் பார்க்கலாம். உங்கள் பேக்கேஜ் சமீபத்தியது என்பதால் வேலை எளிதாகவே இருக்கும். மைனஸ் ஜி இயந்திரக் குறியீட்டை மாற்றுவதில்லை. ஆகவே அதே சோர்ஸ், அதே கம்பைலர் பதிப்பு, அதே கொடிகள் வைத்து, மைனஸ் எஸ்ஸை மட்டும் நீக்கி, சுத்தமான ஒரு சூழலில் மறுபடி பில்ட் செய்யுங்கள். பழைய பைனரியிலிருந்தும் புதியதிலிருந்தும் டெக்ஸ்ட் பகுதியை மட்டும் ஆப்ஜ்காப்பி கட்டளையால் தனியாக எடுத்து, ‘சிஎம்பி’ கட்டளையால் ஒப்பிடுங்கள். ஒரு பைட்கூட வித்தியாசம் இல்லையென்றால், ஜிடிபிக்குப் பழைய பைனரியையும் கோரையும் கொடுத்து, சிம்பல்களை மட்டும் புதிய பைனரியிலிருந்து படிக்கச் சொல்லலாம். பெயர்களும் வரி எண்களும் வந்துவிடும். டெக்ஸ்ட் பகுதி வேறுபட்டால் அந்த பேக்டிரேஸை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பெயர்கள் வரத்தான் செய்யும், ஆனால் அவை தப்பான பெயர்கள்.

இனி நிரந்தரத் தீர்வு. மேக்ஃபைலிலிருந்து அந்த மைனஸ் எஸ்ஸை எடுக்க ஒரு சின்ன பேட்ச் போடுங்கள், அதை மூல நிரலை எழுதியவர்களுக்கும் அனுப்புங்கள். உங்களுக்கு மட்டுமல்ல, எல்லா லினக்ஸ் டிஸ்ட்ரோக்காரர்களுக்கும் அது உதவும். முன்கூட்டியே ஸ்ட்ரிப் ஆன கோப்புகளைக் கண்டால் ஜென்டூ எச்சரிக்கை கொடுக்கும். ஃபெடோராவில் டீபக் சோர்ஸ் பட்டியல் காலியாக இருக்கிறது என்று சொல்லி ஆர்பிஎம் பேக்கேஜ் பில்ட் நின்றே போகும். அங்கே பலர் டீபக் பேக்கேஜையே முடக்கும் ஒரு வரியை பேக்கேஜ் விவரம் எழுதும் ஸ்பெக் கோப்பில் போட்டுத் தப்பிப்பார்கள். பில்ட் அப்போதைக்கு முடிந்துவிடும், ஆனால் பின்னால் கிராஷ் வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. சி, சி++ நிரலுக்கு அதைச் செய்யாதீர்கள். மைனஸ் எஸ் போன பிறகு டெபியனில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. டெப்ஹெல்பரின் டிஎச்_ஸ்ட்ரிப் கடைசிப் படியில் டீபக் பாதியைப் பிரித்து டிபிஜிசிம் பேக்கேஜில் வைத்துவிட்டு, மீதியை ஸ்ட்ரிப் செய்யும். 2015ஆம் ஆண்டின் கடைசியிலிருந்து இது தானாகவே நடக்கிறது. நோஸ்ட்ரிப்பையும் எடுத்துவிடுங்கள், அது இருந்தால் பிரிக்கும் வேலையும் சேர்ந்து நின்றுவிடும்.

பிரிந்த இரண்டு பாதிகளும் பின்னாளில் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்வது பில்ட் ஐடி மூலம். லிங்கர் பைனரிக்குள் எழுதும் ஒரு கைரேகை அது. வழக்கமாக 20 பைட், எழுதினால் 40 பதினாறும எழுத்துகள். ‘ரீட்எல்ஃப்’ கட்டளைக்கு மைனஸ் என் கொடுத்தால் காட்டும். டீபக் கோப்பும் அதே எண்ணின் பெயரில்தான் டீபக் அடைவுக்குள் உட்கார்ந்திருக்கும், முதல் இரண்டு எழுத்துகள் துணை அடைவின் பெயர். பேக்டிரேஸ் அனுப்பும் பயனரிடம் முதலில் இந்த எண்ணைக் கேளுங்கள். அவர் வைத்திருப்பது உங்கள் பேக்கேஜா, தானே கம்பைல் செய்ததா என்பது அங்கேயே தெரிந்துவிடும். டிபிஜிசிம்மை நிறுவத் தெரியாத பயனருக்கு இன்னும் எளிய வழி டீபக்இன்ஃபோடி. 2019இல் எல்ஃப்யூட்டில்ஸ் என்ற கருவித் தொகுப்பின் 0.178ஆம் பதிப்பில் வந்தது. பில்ட் ஐடியைச் சொன்னால் டீபக் தகவலை ஒரு சர்வர் இணையம் வழியாகவே கொடுத்துவிடும். டெபியனும் அப்படி ஒரு சர்வரை நடத்துகிறது. உங்கள் பேக்கேஜ் டெபியன் களஞ்சியத்துக்குள் போகும் வரை அது உதவாது. அதுவரை டிபிஜிசிம் கோப்பை டெப் கோப்புக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.

கேள்வியின் கடைசியில் ராஸ்பெரி பைக்கும் கொடுக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். அல்சூரில் என் வீட்டில் மாதம் ஒரு ஞாயிறு நாலைந்து தமிழ் நண்பர்கள் கூடி பேக்கேஜ் வேலை செய்வோம். ஓசூரிலிருந்து வரும் ஒரு கல்லூரி மாணவி, “அண்ணா, கம்பைல் எல்லாம் ஒழுங்கா முடியுது, இன்ஸ்டால்ல மட்டும் நின்னுடுது” என்று லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். உள்ளீட்டுக் கோப்பின் வடிவம் தெரியவில்லை என்று ஸ்ட்ரிப் சொல்லியிருந்தது. ராஸ்பெரி பை போன்றவற்றின் ஆர்ம்64 செயலிக்காக உருவான பைனரியை இன்டெல் கணினியின் ஸ்ட்ரிப்பிடம் கொடுத்தால் அப்படித்தான் சொல்லும். அங்கேயும் காரணம் இன்ஸ்டாலுக்குக் கொடுத்த மைனஸ் எஸ்தான். இன்ஸ்டால் எந்த இயந்திரத்துக்கு பில்ட் ஆகிறது என்று பார்ப்பதில்லை, பக்கத்தில் இருக்கும் ஸ்ட்ரிப்பை அழைத்துவிடும். டிஎச்_ஸ்ட்ரிப் அந்தந்தக் கட்டமைப்புக்கு உரிய ஸ்ட்ரிப்பை அழைக்கும். நீங்கள் போடப்போகும் அதே பேட்ச் இதையும் தீர்த்துவிடும்.

எல்லாவற்றையும் ஸ்ட்ரிப் செய்யலாம் என்றும் நினைத்துவிடாதீர்கள். புள்ளி ஏ என்று முடியும் ஸ்டாடிக் லைப்ரரியிலும் கெர்னல் மாட்யூலிலும் சிம்டேப்தான் இணைப்புக்கே ஆதாரம். அவற்றில் டீபக் பகுதியை மட்டும் எடுக்க வேண்டும், முழு ஸ்ட்ரிப் செய்தால் லைப்ரரி லிங்க் ஆகாது, மாட்யூல் ஏறாது. டிஎச்_ஸ்ட்ரிப்புக்கு ஸ்டாடிக் லைப்ரரியை எப்படி நடத்துவது என்று தெரியும். சிக்கல் வருவது கையால் எழுதிய ஸ்கிரிப்டில். அப்புறம், எல்ஃப்புக்குப் பின்னால் வேறு சரக்கை ஒட்டி வைத்திருக்கும் பைனரிகள். ஓகேமல் மொழியில் ‘கஸ்டம்’ விருப்பத்தோடு உருவாகும் பைனரிக்குப் பின்னால் பைட்கோடு ஒட்டியிருக்கும். ஸ்ட்ரிப் அதைத் தேவையில்லாத வால் என்று வெட்டிவிடும். அப்படிச் செய்யவே கூடாது என்று ஓகேமல் கையேடே எச்சரிக்கிறது. எஸ்பிசிஎல் உருவாக்கும் லிஸ்ப் பைனரிகளும், பின்னால் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற சுருக்கிய கோப்புத் தொகுதி ஒட்டிய ஆப்இமேஜ் கோப்புகளும் இதே வகை. அந்தக் கோப்பை மட்டும் விலக்கச் சொல்ல டிஎச்_ஸ்ட்ரிப்புக்குப் பெரிய எக்ஸ் விருப்பம் இருக்கிறது. ஆர்ச் லினக்ஸில் பேக்கேஜ் முழுவதற்கும் ஸ்ட்ரிப் வேண்டாம் என்று ஆப்ஷன்ஸ் வரியில் சொல்லலாம். ஸ்ட்ரிப் செய்த பிறகுதான் டிஜிட்டல் கையொப்பம் இட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள், வரிசை மாறினால் கையொப்பம் செல்லாது.

“ஸ்ட்ரிப் செய்தால் கிராஷ் ஆகிறது, செய்யாவிட்டால் ஓடுகிறது” என்று பலர் சொல்வதுண்டு, உங்களுக்குப் பதில் எழுதிய ஒருவரும் அதைத்தான் சொல்லியிருக்கிறார். மேலே சொன்ன வகைகளை விட்டால் இது பெரும்பாலும் ஸ்ட்ரிப்பின் குற்றம் அல்ல. ஸ்ட்ரிப்பை நிறுத்தும்போது கூடவே ஆப்டிமைசேஷனையும் நிறுத்தியிருப்பார்கள், ஒளிந்திருந்த நினைவகப் பிழை அதனால் இடம் மாறியிருக்கும். சோதிப்பது எளிது. ஒரே பைனரியை நகல் எடுத்து, நகலை மட்டும் ஸ்ட்ரிப் செய்து, இரண்டையும் ஒரே உள்ளீட்டோடு ஓட்டுங்கள். இரண்டும் கிராஷ் ஆனால் பிழை நிரலில் இருக்கிறது. ப்ளகின் ஏற்றும்போது சிம்பல் கிடைக்கவில்லை என்று வரும் பிழையும் அப்படித்தான். ப்ளகின் தேடுவது டைன்சிம்மில், ஸ்ட்ரிப் அதைத் தொடுவதில்லை. அங்கே பார்க்க வேண்டியது, லிங்க் செய்யும்போது, சிம்பல்களை டைன்சிம்மில் சேர்க்கும் ‘ஆர்டைனமிக்’ கொடி இருந்ததா என்பது. தன்னுடைய சிம்டேப்பைத் தானே படித்து கிராஷ் அறிக்கை எழுதும் நிரல்கள் மட்டும் விதிவிலக்கு. அவை ஓடும், அறிக்கையில்தான் பெயர்கள் இருக்காது.

கோ, ரஸ்ட் மொழிகள் பக்கம் போனால் சில விஷயங்கள் மாறும். கோ மொழியில் லிங்கருக்கு எஸ், டபிள்யூ என்ற இரண்டு கொடிகளையும் கொடுத்தாலும் பேனிக் (நிரல் நின்றுபோகும் பிழை) அறிக்கையில் ஃபங்ஷன் பெயர்கள் வரும், அவற்றுக்கு மொழியே தனி அட்டவணை வைத்திருக்கிறது. ரஸ்டின் பில்ட் கருவியான கார்கோ, 1.77ஆம் பதிப்பிலிருந்து, டீபக் தகவல் கேட்காத ப்ரொஃபைல்களில் அந்தத் தகவலைத் தானாகவே ஸ்ட்ரிப் செய்கிறது. ரஸ்ட் நிரலைப் பேக்கேஜ் செய்யும்போது கார்கோ ப்ரொஃபைலில் டீபக்கைக் கேட்டு வாங்கி, ஸ்ட்ரிப் வேண்டாம் என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

மேக்ஃபைலைப் பார்க்காமல் இவ்வளவுதான் சொல்ல முடியும். முதலில் அந்த மூன்று இடத்து ஃபைல் கட்டளைச் சோதனையைச் செய்யுங்கள், பத்து நிமிட வேலை. அதன் மூன்று வரி வெளியீடு, மேக்ஃபைலில் இன்ஸ்டால் பகுதி, பில்ட் பதிவில் லிங்க் செய்த ஒரு வரி, இந்த மூன்றையும் உங்கள் கேள்வியின் கீழே ஒட்டுங்கள். வார நாட்களில் இரவு ஒன்பதுக்கு மேல் பார்த்துப் பதில் எழுதுகிறேன். அல்சூர் பக்கம் வர முடிந்தால் அடுத்த ஞாயிறு லேப்டாப்போடு வாருங்கள், கோர் டம்ப் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள்.